தாலாட்டின் அடியில் கிட்டார் கார்டை மாற்றினால் ஒரு இடம் இனிக்கிறது, ஒரு இடம் கசக்கிறது. ஏன்?

பாம்பன்_ஆறுகம்பி | மே 6, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனில் இருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக எங்கள் கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிறு பூசைக்கு சி, எஃப், ஜி, ஏ மைனர் என்று நாலைந்து கார்டுகளை (சில ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடிப்பு) வைத்தே காலம் ஓடியது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பகலில் எஞ்சின் வேலை, வலை வேலை. இரவு முழுவதும் எனக்குத்தான்.

போன வருடம் ஒரு நண்பர், ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸ் 1973இல் தனியாக வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டைக் கேட்க வைத்தார். டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை, ஒரே ஒரு கிட்டார். மெட்டு, கார்டு, அடிக்குரலான பாஸ் மூன்றும் ஒரே கையில் வருகின்றன. அன்றிலிருந்து கார்ட் மெலடி என்கிற இந்த முறையைக் கற்றே ஆக வேண்டும் என்றிருக்கிறேன். ஆங்கிலப் பாட்டு எதையும் எடுக்க மனம் வரவில்லை. அக்கா குழந்தைக்கு என் அம்மா பாடும் தாலாட்டையே எடுத்துக்கொண்டேன்.

அதில் ஒரு வரி இது. ஸ என்பதை சி என்று வைத்திருக்கிறேன். அப்போது ரி என்பது டி, க என்பது ஈ, ப என்பது ஜி, த என்பது ஏ. ஒரு பாருக்கு (இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள பகுதி) நான்கு தட்டு.

ப ப ப க | த த த ப | க க ரி ரி | ஸ

கோயிலில் வாசிப்பதுபோல் வாசித்தால் கார்டுகள் இப்படி வரும்: சி | எஃப் | சி, ஜி 7 | சி. மெட்டை மேல் கம்பிகளில் வைத்து அடியில் இவற்றைப் பிடித்தேன். நன்றாகவே இருந்தது.

அப்புறம் ஒரு வீடியோ பாடத்தில் டிரைடோன் மாற்று பற்றிப் பார்த்தேன். எந்த டாமினன்ட் 7 கார்டையும் (ஜி 7, சி 7 போல அடுத்த கார்டுக்கு இழுத்துப் போவது) தூக்கிவிட்டு, அதிலிருந்து ஆறு ஃப்ரெட், அதாவது ஆறு அரை ஸ்வரம், தள்ளி இருக்கும் டாமினன்ட் 7 கார்டை வைக்கலாமாம். சரி என்று இரண்டு இடத்தில் செய்தேன்.

முதல் பாரின் கடைசியில் எஃப்-க்குப் போக ஜி மைனர் 7, சி 7 வைத்து, அந்த சி 7-ஐ எடுத்துவிட்டு ஜி ஃப்ளாட் 7 (ஃப்ளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே) வைத்தேன். தேன். என் மச்சான் வலை முடிவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

மூன்றாவது பாரில் ஜி 7-க்குப் பதிலாக டி ஃப்ளாட் 7 வைத்தேன். கசப்பு. குழந்தை தூங்கும் பாட்டில் யாரோ கதவைத் தட்டியதுபோல் இருக்கிறது.

இரண்டும் ஒரே விதிதானே? ஒன்று ஏன் இனிக்கிறது, இன்னொன்று ஏன் கசக்கிறது? மூன்று வாரமாக இதே கேள்வியோடு இருக்கிறேன்.

மண்டபம்_புதியவன் | மே 6, இரவு 10.52

அண்ணே, அடிப்படைக் கேள்விக்கு மன்னிக்கவும். கார்ட் மெலடி என்றால் கார்டு வாசித்துக்கொண்டே பாடுவதா?

பாம்பன்_ஆறுகம்பி | மே 6, இரவு 11.05

இல்லை தம்பி. பாடுகிற ஆளே கிடையாது, கிட்டார்தான் பாடும். நம் வலையை நினைத்துக்கொள். மேல் கயிற்றில் மிதவை, கீழ்க் கயிற்றில் ஈயம், நடுவில் கண்ணி. முதல் கம்பியிலும் இரண்டாம் கம்பியிலும் வரும் மெட்டுதான் மிதவை, கேட்பவர் கண்ணில் படுவது அது. ஐந்தாம், ஆறாம் கம்பியில் பாஸ் ஈயமாகத் தொங்கும். நடுக் கம்பிகள் கண்ணி. நான் செய்யப் பார்ப்பது, மிதவையை அசைக்காமல் ஈயத்தை மட்டும் இடம் மாற்றிக் கட்டுவது.

கீழக்கரைக்காரன் | மே 7, காலை 6.20

தம்பி, மிதவையும் ஈயமும் என்று நீங்கள் சொன்னது நல்ல படம். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

நான் இருபது வருடம் வளைகுடாவில் ஹோட்டல் பேண்டில் வாசித்தவன். இப்போது ஊரோடு இருக்கிறேன். மாற்றுக் கார்டுகளை நானும் உங்களைப் போல் விதியாகத்தான் முதலில் படித்தேன். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன். மேடையில் பாதி நேரம் ஒத்து வரும், பாதி நேரம் வராது. எங்கள் பேண்டின் பியானோக்காரர் ஒரு நாள் உட்கார வைத்து ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார். பட்டியலை அன்றோடு மறந்துவிட்டேன். அதை இங்கே தருகிறேன்.

உங்கள் முதல் ஸ்வரம் ப, அதாவது ஜி. முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட். அதை மட்டும் பிடியுங்கள். அதே நேரம் கீழே ஒரே ஒரு பாஸ் ஸ்வரம். கார்டு வேண்டாம், இரண்டே குரல். பாஸை சி-யில் தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பன்னிரண்டு இடத்துக்கும் நகர்த்துங்கள். மேலே இருக்கும் ஜி மாறவே மாறாது. ஆனால் அது யாராக இருக்கிறது, அதாவது பாஸிலிருந்து எண்ணினால் எத்தனையாவது ஸ்வரம், என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே. 9, 11, 13 என்பவை ஸ்தாயி தாண்டி எண்ணிய 2, 4, 6.

சி மேல் அது ஐந்தாவது, வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். டி ஃப்ளாட் மேல் ஷார்ப் 11, மினுங்கும். டி மேல் நான்காவது, தொங்கிக்கொண்டு நிற்கும். ஈ ஃப்ளாட் மேல் மேஜர் மூன்றாவது, திடீரென்று வெளிச்சம் வரும். ஈ மேல் மைனர் மூன்றாவது. எஃப் மேல் ஒன்பதாவது, எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜி ஃப்ளாட் மேல் ஃப்ளாட் 9, உரசும். ஜி மேல் தன் சொந்த வீடு. ஏ ஃப்ளாட் மேல் மேஜர் 7, ஏ மேல் மைனர் கார்டின் 7. பி ஃப்ளாட் மேல் ஆறாவது அல்லது 13. பி மேல் ஃப்ளாட் 13, ஏக்கம்.

ஒவ்வொன்றையும் பத்து நொடி கேளுங்கள். எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த உணர்வு காதில் ஏற வேண்டும். ப முடிந்ததும் க, த, ரி, ஸ. ஐந்து ஸ்வரம், பன்னிரண்டு பாஸ், மொத்தம் அறுபது. ஒரு வாரம் போதும்.

அது முடிந்ததும் உங்கள் கேள்விக்கு வருவோம். இப்போதே சொல்லிவிடலாம், ஆனால் காதில் கேட்டபின் சொன்னால் மறக்காது.

தொண்டி_உப்புக்காற்று | மே 7, காலை 8.40

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பாம்பன் தம்பி, கம்பி மாற்றி எவ்வளவு நாளாகிறது? நம் கரையில் முதல் மூன்று கம்பிகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கார்டை மட்டும் அடித்து வாசிக்கும்போது அது தெரியாது. கார்ட் மெலடியில் மெட்டே அந்தக் கம்பிகளில்தான் நிற்கிறது. கம்பி செத்துவிட்டால் ஃப்ரெட் ஏற ஏற சுருதி விலகும். சில கசப்பு கார்டால் வருவதில்லை, கம்பியால் வருகிறது.

வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வையுங்கள். சுவரில் மாட்டி வைக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஜன்னலோரம் வைக்கவே கூடாது.

பாம்பன்_ஆறுகம்பி | மே 7, இரவு 9.30

நன்றி அண்ணே. மூன்று மாதமாகிவிட்டது, முதல் கம்பி சொரசொரவென்று இருக்கிறது. நாளை ராமநாதபுரம் போகும்போது வாங்கிவிடுகிறேன்.

பாம்பன்_ஆறுகம்பி | மே 13, இரவு 11.20

புதுக் கம்பி போட்டாயிற்று. அறுபதும் முடித்தேன், சில நாள் இரண்டு சுற்று. நான் கேட்டவற்றை எழுதுகிறேன்.

ஒரே ஸ்வரம் இத்தனை முகம் காட்டும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. க, அதாவது ஈ, சி மேல் இருந்தால் நம் சாதாரண மேஜர் மூன்றாவது. அதே க-வை டி மேல் வைத்தால் ஒன்பதாவது. கடல் இறங்கிய நேரத்தில் கரையில் நிற்பதுபோல் அகலமாக இருக்கிறது. த-வை எஃப் மேல் வைத்தால் சிரிப்பு, டி மேல் வைத்தால் அமைதி.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ரி, அதாவது டி, டி ஃப்ளாட் மேல் நிற்கும்போதுதான் அந்தக் கதவு தட்டும் சத்தம். கார்டின் மற்ற ஸ்வரங்களை எல்லாம் எடுத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் வாசித்தாலும் அதே கசப்பு வருகிறது. ஆக, கசப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். இனி சொல்லுங்கள் அண்ணே.

கீழக்கரைக்காரன் | மே 14, காலை 6.05

நீங்களே பிடித்துவிட்டீர்கள். கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

ஜி 7 கார்டில் உயிர் இரண்டு ஸ்வரங்களில் இருக்கிறது. மூன்றாவதான பி, ஏழாவதான எஃப். டி ஃப்ளாட் 7 கார்டின் மூன்றாவது எஃப், ஏழாவது பி (எழுத்துமுறையில் சி ஃப்ளாட் என்பார்கள், சத்தம் அதேதான்). ஆக இரண்டு கார்டுக்கும் அதே ஜோடி. உங்கள் ஊர்ப் புது ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள், 2025 ஏப்ரலில் திறந்தார்களே. கப்பல் வரும்போது இரண்டு கோபுரமும் அசையாமல் நிற்கும், நடுவில் 72.5 மீட்டர் தளம் மட்டும் மேலே ஏறும். இங்கே பி-யும் எஃப்-உம் அந்த இரண்டு கோபுரங்கள், நகர்வது பாஸ் மட்டும். அதனால்தான் இந்த மாற்று செல்லுபடியாகிறது.

வீடியோ பாடங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடும். மேலே மெட்டு இருக்கிறதே, அது என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. பாஸ் நகர்ந்ததும் மெட்டு ஸ்வரம் வேறு ஆளாகிவிடுகிறது.

மெட்டு பழைய டாமினன்டின் மூன்றாவதாக இருந்தால், புதியதில் ஏழாவதாகும். ஏழாவதாக இருந்தால் மூன்றாவதாகும். இரண்டும் பத்திரமான இடம். பழையதன் மூல ஸ்வரமாக இருந்தால் ஷார்ப் 11, மினுக்கம். 13 ஆக இருந்தால் ஷார்ப் 9, காரம். ஒன்பதாவதாக இருந்தால் ஃப்ளாட் 13. பழையதன் ஐந்தாவதாக இருந்தால் ஃப்ளாட் 9.

இப்போது உங்கள் இரண்டு இடங்களையும் பாருங்கள். முதல் பாரில் சி 7 மேல் மெட்டு ஈ, அதாவது மூன்றாவது. ஜி ஃப்ளாட் 7-க்கு மாறியதும் அது ஏழாவது. அதனால் தேன். மூன்றாவது பாரில் ஜி 7 மேல் மெட்டு டி, ஐந்தாவது. டி ஃப்ளாட் 7-க்கு மாறியதும் ஃப்ளாட் 9. பாஸுக்கு ஸ்தாயி தாண்டி அரை ஸ்வரம் மேலே மெட்டு நிற்கிறது. உரசாமல் எப்படி இருக்கும்?

அந்தக் கார்டே தவறு என்று சொல்ல மாட்டேன். வேகமான பாட்டில், நள்ளிரவு மேடையில், அந்தக் காரம் வேண்டியிருக்கும். நானே எத்தனையோ முறை ஆசைப்பட்டு வாசித்திருக்கிறேன். தாலாட்டின் முடிவில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மண்டபம்_புதியவன் | மே 14, காலை 9.15

அண்ணே, அந்த இனிக்கிற இடத்தை எப்படிப் பிடிப்பது? நானும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

பாம்பன்_ஆறுகம்பி | மே 14, மதியம் 1.10

ஆறாம் கம்பியில் தொடங்கி முதல் கம்பி வரை எழுதுகிறேன். × என்றால் அந்தக் கம்பியைத் தொடாதே. 0 என்றால் திறந்த கம்பி.

முதல் பார், முதல் இரண்டு தட்டு சி: × 3 2 0 1 3. மேலே ப.
மூன்றாம் தட்டு ஜி மைனர் 7: 3 × 3 3 3 3. மேலே அதே ப.
நான்காம் தட்டு ஜி ஃப்ளாட் 7: 2 × 2 3 2 0. மேலே க, திறந்த முதல் கம்பி.
இரண்டாம் பார் எஃப் மேஜர் 7: × × 3 5 5 5. மேலே த. கடைசித் தட்டில் × × 3 5 5 3, மேலே ப.

பாஸ் ஜி, ஜி ஃப்ளாட், எஃப் என்று படிபடியாக இறங்குவது காதுக்குக் கேட்கும். எஃப் மட்டும் நான்காம் கம்பிக்கு, ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடுகிறது. ஆறாம் கம்பி முதல் ஃப்ரெட்டில் எஃப் வைத்து, முதல் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில் த பிடிக்க என் கைக்கு எட்டவில்லை. ஆனாலும் இறங்கி வந்த உணர்வு கெடவில்லை.

மூன்றாவது பாரில் சி-க்குப் பதிலாக டி மைனர் 9: × 5 3 5 5 ×. மேலே க, இரண்டாம் கம்பியில். அடுத்து அந்தக் கசப்பு: × 4 3 4 3 ×. மேலே ரி.

ராமநாதபுரம்_வில் | மே 15, இரவு 8.00

மூன்று நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். வயலின் கற்றுக்கொடுக்கிறேன், கர்நாடக சங்கீதம். ஜாஸ் எனக்குத் தெரியாது. இரண்டு விஷயம் சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, தம்பியின் வரியில் இருப்பது ஸ ரி க ப த மட்டும். மோகனம். பன்னிரண்டு பாஸ் பயிற்சியைப் படித்ததும் எனக்குக் கிரக பேதம் நினைவுக்கு வந்தது. மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு ரி-யை ஸ என்று எண்ணினால் மத்தியமாவதி. க-வை ஸ ஆக்கினால் ஹிந்தோளம். ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி, த-வை ஆக்கினால் சுத்த தன்யாசி. ஸ்வரம் எதுவும் மாறவில்லை, ஆதாரம் மட்டும் நகர்ந்தது. நீங்கள் பாஸை மாற்றிக் கேட்பதும் ஏறக்குறைய அதுதானே? உங்கள் பயிற்சியை மாணவிகளிடம் தம்புரா சுருதியை மாற்றிச் செய்து பார்த்தேன். கிரக பேதத்தை இவ்வளவு சுலபமாக இதுவரை நான் விளக்கியதில்லை. அதற்கு நன்றி.

இரண்டாவது, ஒரு மனத்தாங்கல். நாங்கள் கிரக பேதத்தைக் கச்சேரியில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு ஸ-வுக்குத் திரும்பிவிடுவோம். நீங்கள் பாருக்கு இரண்டு முறை தரையை நகர்த்துகிறீர்கள். மோகனத்தில் ம இல்லை, நி இல்லை. உங்கள் ஜி மைனர் 7 கைசிகி நி-யையும் ம-வையும் கொண்டுவருகிறது. ஜி ஃப்ளாட் 7 அதோடு பிரதி மத்தியமத்தையும் சுத்த ரிஷபத்தையும் கொண்டுவருகிறது. தாலாட்டு ஒரே ஸ-வில் ஊன்றி நிற்பதால்தானே குழந்தை தூங்குகிறது? தொட்டில் கயிறு கட்டிய உத்தரத்தை அசைக்கலாமா?

கீழக்கரைக்காரன் | மே 15, இரவு 9.45

அக்கா, இந்தக் கேள்வி என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆனால் எனக்குள் எப்போதும் இருந்தது.

ராகமாகப் பார்த்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இந்தக் கார்டுகளோடு வாசிப்பதை மோகனம் என்று நான் சொல்ல மாட்டேன். மெட்டு மோகனம், மொத்தம் வேறு. மேல்நாட்டு ஹார்மனியில் ஸ என்பது ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கேட்பவர் மனதில் அது இருக்கும், அதை விட்டு விலகித் திரும்புவதுதான் அந்த இசையின் ஓட்டம். விலகாவிட்டால் திரும்பி வருவதன் சுகம் இல்லை. வளைகுடாவில் இருபது வருடம் இருந்தவனுக்கு அது நன்றாகவே புரியும்.

ஆனால் நீங்கள் சொன்ன உத்தரம் எனக்குப் படுகிறது. தம்பி, அக்கா சொன்னதை வைத்து ஒரு யோசனை. தாலாட்டை ஒரு முறை சி பாஸை மட்டும் வைத்து வாசியுங்கள். திறந்த கார்டு, மாற்றமே இல்லை. இரண்டாம் முறை வரும்போது மாற்றுங்கள். முதல் முறை ஊன்றியிருந்தால்தான் இரண்டாம் முறை நகர்ந்தது தெரியும். ஜோ பாஸ் போன்றவர்கள் வாசித்ததைக் கேட்டாலும் இந்த நிதானம் தெரியும். மெட்டு நன்றாகப் பதிவதற்கு முன்னால் அடியைக் கலைத்தால், கேட்பவர்க்கு எது மாறியது என்றே தெரியாது.

ராமநாதபுரம்_வில் | மே 15, இரவு 10.10

இது எனக்கு ஒப்புக்கொள்ள முடிகிற பதில். இன்னொன்றும் கேட்கிறேன். க-விலிருந்து ரி-க்கு வரும்போது அம்மா வழுக்கித்தான் பாடுவார். கார்டைப் பிடித்துக்கொண்டே அந்த வழுக்கல் வருமா?

பாம்பன்_ஆறுகம்பி | மே 15, இரவு 10.40

வராது அக்கா. நான் செய்த பெரிய தவறே அதுதான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கார்டு வைத்தேன். கை முழுக்கப் பூட்டிக்கொண்டது, மெட்டு படிக்கட்டு இறங்குவதுபோல் ஆனது. நீங்கள் கேட்டபின் இப்போதுதான் செய்து பார்த்தேன். க-வில் கார்டை அடித்துவிட்டு, இரண்டாம் கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டு, ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து மூன்றுக்கு வழுக்கி வந்து, ரி நின்ற பிறகு அடியில் கார்டு. அம்மா குரல் வந்துவிட்டது. கார்டு அரைத் தட்டு தாமதமாக வருவதே அழகாக இருக்கிறது.

மண்டபம்_புதியவன் | மே 16, காலை 7.30

அண்ணே, கோல்ட்ரேன் மாற்று என்று ஒன்று இருக்கிறதாமே? சி, ஏ ஃப்ளாட், ஈ என்று மேஜர் மூன்றாவது இடைவெளியில் சுற்றுமாம். நாலு பாரில் அதை வைக்கலாம் என்று படித்தேன். தாலாட்டில் வைத்தால் பயங்கரமாக இருக்குமே?

கீழக்கரைக்காரன் | மே 16, காலை 8.15

பயங்கரமாகத்தான் இருக்கும் தம்பி, குழந்தை எழுந்துவிடும். ஜான் கோல்ட்ரேன் 1959இல் பதிவு செய்த இசையில் அந்தச் சுழற்சியை உச்சத்துக்குக் கொண்டுபோனார். டி மைனர் 7, ஜி 7, சி என்று போகிற இடத்தில் டி மைனர் 7, ஈ ஃப்ளாட் 7, ஏ ஃப்ளாட், பி 7, ஈ, ஜி 7, சி என்று சுற்றி வருவது. அங்கே மெட்டே அந்தச் சுழற்சிக்காகக் கட்டப்பட்டது. நம் மெட்டை அதில் உட்கார வைத்தால், ஏ ஃப்ளாட் மேஜர் மேல் க வந்தால் ஷார்ப் 5, ஈ மேஜர் மேல் த வந்தால் நான்காவது. அந்த நான்காவது கார்டின் மூன்றாவதோடு மோதும். மெட்டைத் திருத்தினால்தான் தீரும். அம்மா பாடிய மெட்டைத் திருத்த எனக்கு மனம் வராது. நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கென்று வேறு மெட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்_ஆறுகம்பி | மே 16, இரவு 9.00

கசப்பு ஏன் என்று புரிந்துவிட்டது. ஆனால் மூன்றாவது பாரில் என்ன வைப்பது? ஜி 7-க்கே திரும்பிவிடவா?

கீழக்கரைக்காரன் | மே 17, காலை 6.30

திரும்பினாலும் தப்பில்லை. ஆனால் நீங்கள் கோயிலில் பன்னிரண்டு வருடம் வாசித்த கையிலேயே ஒரு வழி இருக்கிறது.

பூசையில் ஆமென் பாடி முடிக்கும்போது எஃப்-இலிருந்து சி-க்கு வருவீர்கள் அல்லவா? அந்த எஃப்-ஐ மைனர் ஆக்குங்கள். எஃப் மைனர் 6. அதில் இருக்கும் ஸ்வரங்கள் எஃப், ஏ ஃப்ளாட், சி, டி. உங்கள் ரி, அதாவது டி, அந்தக் கார்டிலேயே ஆறாவதாக உட்கார்ந்திருக்கிறது. மோத இடமே இல்லை. ஏ ஃப்ளாட் ஒன்றுதான் வெளியூர் ஸ்வரம், அதுவும் அடுத்து அரை ஸ்வரம் இறங்கி சி கார்டின் ஜி-க்குப் போய்விடும்.

பிடிப்பு: × 3 3 1 3 ×. பாஸில் சி, மேலே ரி. அடுத்து ஐந்தாம் கம்பி விரலை மட்டும் மூன்றிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கு இறக்கிப் பாருங்கள்: × 1 3 1 3 ×. இது பி ஃப்ளாட் 7. ஜாஸ்காரர்கள் இதைப் பின்வாசல் டாமினன்ட் என்பார்கள். மேலே மூன்று ஸ்வரமும் அதேதான், பாஸ் மட்டும் மாறியது. இரண்டில் எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தாலாட்டில் மைனர் 6.

இன்னொரு வழி ஏ ஃப்ளாட் 7 வைத்து ஜி 7-க்கு இறங்குவது. ரி அங்கே ஷார்ப் 11. அழகுதான், ஆனால் கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கும்.

கடைசிப் பாரில் ஒரு எச்சரிக்கை. மெட்டு ஸ-வில் நிற்கிறது. ஆசைப்பட்டு சி மேஜர் 7 வைத்துவிடாதீர்கள். அதில் உள்ள பி, மேலே நிற்கும் சி-யோடு உரசும். மெட்டு மூல ஸ்வரத்தில் முடிந்தால் 6 கார்டு: × 3 2 2 1 ×. சி, ஈ, ஏ, மேலே சி. இதில் ஒரு ஸ்வரம்கூட உங்கள் மோகனத்துக்கு வெளியே இல்லை. அக்காவுக்கும் சம்மதமாக இருக்கும்.

ராமநாதபுரம்_வில் | மே 17, காலை 10.20

சம்மதம். அந்த எஃப் மைனர் 6-ஐ ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். சுத்த தைவதம் வந்து பஞ்சமத்தில் விழும் இடத்தில் கண் கலங்கியது. மோகனத்தில் சுத்த தைவதத்துக்கு இடமில்லை என்று தெரிந்தும்.

தம்பி, ஒன்று செய்யுங்கள். உங்கள் அம்மாவைப் பாட வைத்து, நீங்கள் வாசிக்காமல் கேளுங்கள். தாலாட்டுக்குத் தட்டுக் கணக்கு சரியாக வராது. நீங்கள் எழுதிய நாலு தட்டுப் பார் உங்களுடையதா, அம்மாவுடையதா என்று பாருங்கள்.

பாம்பன்_ஆறுகம்பி | மே 21, இரவு 11.50

அக்கா சொன்னதைச் செய்தேன். நேற்று மாலை குழந்தையைத் தொட்டிலில் போட்டு அம்மா பாடினார். நான் கிட்டாரைத் தொடவில்லை, கையில் ஒரு தாளும் பேனாவும் மட்டும்.

நான் எழுதியது தவறு. மூன்றாவது பாரில் ரி-யை அம்மா இரண்டு தட்டு பிடிப்பதில்லை, நான்கு தட்டு பிடிக்கிறார். சில முறை அதற்கும் மேல். தொட்டில் ஒரு முழு ஆட்டம் போய் வரும்வரை ரி அப்படியே நிற்கிறது. அப்புறம்தான் ஸ. பன்னிரண்டு வருடம் கோயிலில் எல்லாவற்றையும் நாலு நாலாக எண்ணிப் பழகியதால், அம்மாவின் பாட்டையும் நாலில் அடைத்துவிட்டேன்.

இவ்வளவு நேரம் ரி நின்றால் அடியில் இரண்டு கார்டுக்கு இடம் இருக்கிறது. அதனால் ஜி 7-உம் வேண்டும், எஃப் மைனர் 6-உம் வேண்டும் என்று முடிவு செய்தேன். சிக்கல் என்னவென்றால், கார்டு மாறும்போது ரி அறுந்துவிடக் கூடாது. நேற்று இரவும் இன்றும் விரலோடு மல்லுக்கட்டிக் கிடைத்தது இது.

ஜி 7: 3 × 3 4 3 ×. ஆள்காட்டி விரல் ஆறாம் கம்பியில், நடுவிரல் நான்காம் கம்பியில், மோதிர விரல் இரண்டாம் கம்பியில் ரி, சுண்டுவிரல் மூன்றாம் கம்பி நான்காம் ஃப்ரெட். பொதுவாக இதை இப்படிப் பிடிக்க மாட்டார்கள், முதலில் கை இழுக்கும்.

எஃப் மைனர் 6: × × 3 1 3 ×. நடுவிரலும் மோதிர விரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். சுண்டுவிரலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலை மூன்றாம் கம்பி முதல் ஃப்ரெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்தாவதான சி இதில் இல்லை. ஆனாலும் எஃப் அடியில் நிற்பதால் அந்த நிறம் வந்துவிடுகிறது. ரி அறுவதே இல்லை. அடியில் ஒரு குரல் மட்டும் பி-யிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்கு இறங்குகிறது, அதன் பிறகு × 3 2 2 1 ×.

முதல் சுற்று முழுக்க சி பாஸ் மட்டும், கீழக்கரை அண்ணன் சொன்னபடி. இரண்டாம் சுற்றில்தான் ஜி ஃப்ளாட் 7 வருகிறது. டி ஃப்ளாட் 7-ஐ எடுத்துவிட்டேன்.

இன்று வாசிக்கும்போது அம்மா அடுப்படியில் இருந்தார். முதல் சுற்றில் கூடவே முணுமுணுத்தார். இரண்டாம் சுற்றில் எஃப் மைனர் 6 வந்த இடத்தில் முணுமுணுப்பை நிறுத்தி, ரி-யை வாய் திறந்தே பாடினார். ஆனால் நான் சி 6-க்கு இறங்கிய பிறகும் அவர் ரி-யிலேயே இருந்தார். ஆக, எஃப் மைனர் 6-ல் இன்னும் இரண்டு தட்டு நிற்க வேண்டும்.

கீழக்கரைக்காரன் | மே 22, காலை 6.00

தட்டை எண்ணாதீர்கள். அவர் மூச்சு எடுக்கும் வரை நில்லுங்கள்.